லியோனுக்குப் பக்கத்தில்...

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் பேசியது. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதியிருக்கிறேன்.)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே ‘வெளிநாட்டில் உயர்கல்வி வாய்ப்புகள்’ என்று போட்டிருக்கிறார்கள். செயலாளர் என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார். உயர்கல்வி பற்றி இன்றைக்கு என்னைவிட மாணவர்களாகிய நீங்கள்தான் நன்றாகச் சொல்வீர்கள். எந்த யுனிவர்சிடியில் என்ன கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ், எல்லாம் உங்கள் கையில் இருக்கிற போனிலேயே இருக்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு, நான் நாலு வருஷம் குடியிருந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அந்த ஊர் பேரை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் நானேதான். கேட்டவர்களிடமெல்லாம் ‘லியோன்’ என்றே சொல்லி வந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை. 1985ல் நான் இந்தக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் பெட்டியோடு வந்து இறங்கின அன்றைக்கு ஒரு சீனியர் கூப்பிட்டார். “டேய், எந்த ஊரு?” சேலம் என்றேன். “சேலத்துல எங்க?” “சேலம்தாங்கண்ணா.” அவ்வளவுதான். உண்மையில் எனக்குச் சொந்த ஊர் இளம்பிள்ளை. அது சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நெசவாளர் ஊர். நாலு வருஷத்தில் என் ரூம் மேட் ஒருத்தனுக்கு மட்டும்தான் அது தெரியும். அவன் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

1991 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனேன். இன்சா என்று சொல்லுகிற பொறியியல் கல்வி நிறுவனம். கடிதத்தில் ‘இன்சா, லியோன்’ என்றுதான் தலைப்பு. ஆனால் அடியில் விலாசத்தைப் பார்த்தால் ‘69100 வில்லர்பான்’ என்றிருக்கும். லியோன் நகரத்துக் கிழக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற புறநகர் அது. ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் நடுவில் வயலோ வாய்க்காலோ கிடையாது. ஒரே தெருவில் நடந்துகொண்டே இருப்பீர்கள், எந்த இடத்தில் லியோன் முடிந்து வில்லர்பான் ஆரம்பித்தது என்றே தெரியாது. மெட்ரோ ரயிலில் போனால் அதுவும் தெரியாது. 1978லிருந்து ஓடுகிற அந்த ‘ஏ’ லைன், ரப்பர் டயர் போட்ட ரயில், லியோன் நடுவில் கிளம்பி ஷார்பென் என்ற ஸ்டேஷனில் வில்லர்பானுக்குள் நுழைந்துவிடும்.

அளவு சொல்கிறேன். மொத்தம் பதினாலரைச் சதுர கிலோமீட்டர். அதில் இன்றைக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேலே. புறநகர் என்று பேர், ஆனால் பிரான்ஸ் தேசத்திலேயே பெரிய இருபது, இருபத்தைந்து ஊர்களை எண்ணினால் அதில் இதுவும் வந்துவிடும்.

எனக்கு முதல் இரண்டு மாதம் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு நண்பரின் அறையில் தரையில் படுத்துக்கொண்டிருந்தேன். போனில் கேட்டால் “ரூம் காலியாக இருக்கிறது, வாருங்கள்” என்பார்கள். நேரில் போய் நின்றதும் “ஐயோ, இப்போதுதான் ஒருத்தர் பேசி முடித்தார்” என்பார்கள். ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் இதே ‘இப்போதுதான்’. அதை நான் வளர்த்துப் பேச விரும்பவில்லை. கடைசியில் கிராத்-சியெல் என்ற இடத்தில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அவரை நான் ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கிராத்-சியெல் என்றால் ‘வானத்தைச் சுரண்டுவது’ என்று அர்த்தம். வெள்ளை வெளேரென்ற கட்டடங்கள், சாலையின் இரண்டு பக்கமும் படிப்படியாக உள்வாங்கிப் போகிற மாடிகள், அந்தச் சாலையின் வாசலில் காவல்காரன் மாதிரி பத்தொன்பது மாடியில் இரண்டு கோபுரங்கள். சாலையின் மறுகோடியில் நகர்மன்றக் கட்டடம். இதெல்லாம் எப்போது கட்டியது என்று நினைக்கிறீர்கள்? 1931ல் ஆரம்பித்து 1934ல் முடித்துத் திறந்துவிட்டார்கள். இரும்புச் சட்டம் போட்டு, நடுவில் செங்கல் வைத்து அடைத்தது. சென்னையில் நாம் அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி. கட்டடம் 1959ல்தான் வந்தது. சிவில் பிரிவு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதைக் கட்டியவர் ஒரு டாக்டர். லாஸார் கூஜோன் என்று பேர், சோஷலிஸ்ட் கட்சிக்காரர், 1924லிருந்து மேயர். அப்போது வில்லர்பான் சாயப் பட்டறையும் ஆலையுமாக இருந்த தொழிலாளர் ஊர். அந்த நூற்றாண்டு பிறந்தபோது முப்பதாயிரம் பேர் அளவில் இருந்த ஊர் 1931ல் 80,000ஐத் தாண்டிவிட்டது. இத்தாலிக்காரர், ஸ்பெயின்காரர், ஆர்மீனியர் என்று பிழைக்க வந்தவர்கள் ஏராளம். முற்றத்துக்கு ஒரு குழாய், பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. காசநோய். இந்த டாக்டர் பார்த்தார். மருந்து எழுதிக்கொடுத்துப் பிரயோஜனமில்லை, வீடுதான் மருந்து என்று முடிவு செய்தார். மோரிஸ் லெரூ என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்தார். நகராட்சியும் தனியார் முதலும் சேர்ந்த ஒரு கம்பெனி ஆரம்பித்து, சுமார் ஆயிரத்து ஐந்நூறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட், குளியலறை, பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியாக வரும் வெப்பம். சமையலறையிலேயே குப்பையைப் போடுகிற வழி. பக்கத்திலேயே ‘உழைப்பு மாளிகை’ என்று ஒன்று. அதற்குள் நாடக அரங்கு, நீச்சல் குளம், தொழிலாளருக்கு மருத்துவ நிலையம். நீச்சல் குளத்தையும் நாடகத்தையும் ஒரே கூரைக்குள் வைத்த அந்த மனசை நினைத்து நான் பல தடவை ஆச்சரியப்பட்டதுண்டு.

சரி, மக்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா? இல்லை. உலகப் பொருளாதார நெருக்கடி வந்த காலம் அது. வீடுகளுக்குச் சீக்கிரம் ஆள் வரவில்லை. நகராட்சி கடனில் மாட்டிக்கொண்டது. 1935 தேர்தலில் கூஜோன் தோற்றுப்போனார், கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். திறப்பு விழா நடத்தி ஒரே வருஷம்! பிறகு போர் முடிந்து 1947ல் அதே ஊர் அவரைத் திரும்பவும் மேயராக்கியது. நகர்மன்றத்துக்கு எதிரே இருக்கிற சதுக்கத்துக்கு அவர் பெயர்தான்.

மதாம் 1934ல் ஏழு வயதுக் குழந்தையாக அந்த வீட்டுக்குள் வந்தவர். அப்பா நகராட்சியில் குமாஸ்தா, அம்மா சாயப் பட்டறையில் வேலை. முதல் நாள் ராத்திரி சுவரில் இருந்த சூடான இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தூங்காமலே இருந்தாராம். பழைய வீட்டில் குளிர்காலத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் பனி உறைந்திருக்குமாம்.

நான் குடிபோன முதல் வாரம். யாரோ போன் செய்தார்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டதற்கு வழக்கம்போல ‘லியோனில்’ என்றேன். மதாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். போனை வைத்ததும் சொன்னார்: “இது லியோன் இல்லை, மொசியே. வில்லர்பான்.” கோபமாகச் சொல்லவில்லை. சாதத்தில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் சமாளித்தேன். “ரெண்டும் ஒண்ணுதானே மதாம், பக்கத்தில்தானே?” அப்போதுதான் எனக்குச் சரித்திரப் பாடம் நடந்தது. வில்லர்பான் 1852 வரைக்கும் வேறு மாவட்டமாம், இஸேர். அப்புறம்தான் ரோன் மாவட்டத்துக்கு வந்தது. லியோன் நகரத்துக்குள் சரக்கு கொண்டுபோனால் அந்தக் காலத்தில் நுழைவு வரி. அது வேண்டாம் என்று ஆலைகளும் ஏழைகளும் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். ஊர் வளர்ந்ததும் லியோன் இதை விழுங்கப் பார்த்தது. பெரிய பூங்கா இருந்த பக்கத்தை 1894ல் எடுத்துக்கொண்டது. மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ள இருபதாம் நூற்றாண்டில் பல தடவை முயற்சி நடந்தது. எதுவார் எரியோ என்று ஒருவர் லியோனுக்கு மேயர், நாட்டின் பிரதமராகவும் இருந்தவர், அத்தனை பெரிய ஆள் இருந்தும் முடியவில்லை. வில்லர்பான் மசியவில்லை. கிராத்-சியெல் கட்டினதிலும் அந்த வீம்பு உண்டு. எங்களுக்கும் ஒரு நடு ஊர் இருக்கிறது பார் என்று காட்டத்தான் அந்த இரண்டு கோபுரமும். “லியோனை எதிர்த்துக் கட்டின வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு லியோன் என்கிறீர்களே” என்றார் மதாம்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ராத்திரி இளம்பிள்ளை ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பா கூலி நெசவாளி. இந்த மேடையில் இதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஃபைனல் இயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார், பையில் முறுக்கும் தட்டுவடையும் எடுத்துக்கொண்டு. நீங்களெல்லாம் சாப்பிட்டிருக்கிறீர்கள். அப்போது ஒருத்தன் கேட்டான், “அப்பா என்ன பண்றாருடா?” நான் “டெக்ஸ்டைல் பிசினஸ்” என்றேன். அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் சேலத்துப் பக்கம் தெரியாத நெசவாளி கிடையாது. ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது “நல்லாப் படி சாமி” என்றார், அவ்வளவுதான்.

மதாமின் பாடம் முடிந்த அந்த வாரம் வீட்டுக்கு ஒரு நீளக் கடிதம் எழுதினேன். முதல் தடவையாக, நான் இருப்பது லியோன் இல்லை, பக்கத்தில் வில்லர்பான், சாயப் பட்டறைகள் இருந்த ஊர், வீட்டுக்காரம்மாவின் அம்மா சாயத்தில் வேலை பார்த்தவர் என்றெல்லாம் எழுதினேன். கூடவே ஜக்கார்டு விஷயமும். நம் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டி, ஓட்டை போட்ட அட்டை கோத்து மாட்டினால் பூ விழுமே, அதைக் கண்டுபிடித்த ஜக்கார் 1752ல் லியோனில் பிறந்த மனுஷன், அவர் பேர்தான் பெட்டிக்கு, என்று எழுதினேன். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த அட்டையின் கதை தெரிந்திருக்கும். பஞ்ச் கார்டுக்கு அதுதான் தாத்தா.

அப்பா சொல்லச் சொல்லத் தங்கை பதில் எழுதியிருந்தாள். “அந்த ஆளு பொட்டிதான் முப்பது வருசமா என் தலைக்கு மேல இருக்குது. அது அந்த ஊர்னு இத்தன நாளாத் தெரியாது. அந்தம்மாவோட அம்மா கையில சாயம் போகுமான்னு கேளு.”

கேட்டேன். மதாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கையுறை போட்டுக்கொண்டு போவார்” என்றார். அதற்கப்புறம் கடிதம் வந்தால் முதலில் அவருக்குத்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது வருஷம் ஒரு நாள் திடீரென்று என்னை ‘வூ’வை விட்டு ‘த்யூ’ என்று கூப்பிட ஆரம்பித்தார். பிரெஞ்சிலும் நம்மைப் போலவே ‘நீங்க’, ‘நீ’ உண்டு. இங்கிலீஷில்தான் கிடையாது. ‘நீங்க’ போய் ‘நீ’ ஆனால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘நீ’ ஆன பிறகுதான் அவருடைய அப்பா கதையைச் சொன்னார். 1943 மார்ச் 1, திங்கட்கிழமை. ஜெர்மன் படை அந்த வட்டாரத்தைச் சுற்றி வளைத்தது. வீட்டிலும் தெருவிலும் அகப்பட்ட ஆண்களைப் பிடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வடக்கே கொம்பியேன் முகாமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மௌட்ஹவுசன் என்ற வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பி வரவில்லை. மதாமின் அப்பாவும் வரவில்லை. அன்றைக்கு அவர் காலையில் ரொட்டி வாங்கத்தான் கீழே இறங்கினாராம். “லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் அம்மாவும் கதவைப் பார்ப்போம். வருஷக்கணக்காகப் பார்த்தோம்” என்றார். நான் அந்த லிஃப்டில் தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறவன். அதற்கப்புறம் ராத்திரி லேட்டாக வந்தால் படியேறித்தான் போவேன்.

எங்கள் கல்வி வளாகம் இருந்த லா துவாவிலும் இப்படி ஒன்று உண்டு. முன்னே அது ராணுவ மைதானம், குதிரைப் பந்தயத் திடல். அங்கேயிருந்த துப்பாக்கிப் பயிற்சித் திடலில் எதிர்ப்பியக்கத்துக்காரர்கள் எழுபது பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இப்போது ராணுவக் கல்லறைத் தோட்டமாக இருக்கிறது. வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவை, நடுநடுவே ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்களின் கல். நாங்கள் சைக்கிளில் அதை ஒட்டித்தான் லேபுக்குப் போவோம்.

இன்சாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் செயலாளர் கோபித்துக்கொள்வார். 1957ல் ஆரம்பித்தது. காஸ்தோன் பெர்ஜே என்று ஒரு தத்துவப் பேராசிரியர், அப்போது உயர்கல்வித் துறைக்குத் தலைவர். பிரான்சில் பெரிய இன்ஜினியரிங் பள்ளிகளுக்குள் போக வேண்டுமென்றால் பள்ளி முடித்து இரண்டு மூன்று வருஷம் தனியாகத் தயார் செய்து நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாது. அதனால் பள்ளி முடித்ததும் நேரே சேர்த்துக்கொண்டு ஐந்து வருஷம் சொல்லித்தருகிற மாதிரி இதைக் கொண்டுவந்தார். படிப்போடு கலை, இலக்கியம், விளையாட்டு எல்லாம் உண்டு. தத்துவக்காரர் ஆரம்பித்த இன்ஜினியரிங் காலேஜ். அவருடைய மகன்தான் மொரீஸ் பெஜார் என்ற பிரசித்தி பெற்ற நடன அமைப்பாளர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூஜோன் கட்டின அந்த நாடக அரங்கும் வீணாகப் போகவில்லை. ரோஜே பிளான்ஷோன் என்பவர் 1957ல் அதை எடுத்து நடத்தினார். 1972ல் பாரிசிலிருந்த தேசிய மக்கள் நாடக அரங்கு என்ற பெயரையே அரசாங்கம் வில்லர்பானுக்கு மாற்றிக்கொடுத்தது. ஒரு புறநகருக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு பெயர் வருவது லேசுப்பட்ட காரியமா? மதாம் வருஷச் சந்தா கட்டியிருந்தார். மூட்டுவலி வந்தால் டிக்கெட்டை எனக்குக் கொடுப்பார். பாதி புரியாது. இருந்தாலும் போவேன், ஹாலுக்குள் கதகதப்பாக இருக்கும்.

ஊரைப் பற்றிப் பெருமையாகவே பேசிவிட்டால் அது சரியாகாது. கிழக்கே அடுத்த ஊர் வோ-அன்-வெலான். நான் போவதற்கு முந்தின வருஷம், 1990 அக்டோபரில், போலீஸ் வண்டியால் ஒரு இளைஞன் செத்து அங்கே கலவரம் வெடித்தது. அதிலிருந்து ‘பான்லியூ’, அதாவது புறநகர், என்றாலே பத்திரிகைகளில் கார் எரிகிற படம்தான். வில்லர்பானிலேயே ஒலிவியே த செர் என்று ஒரு குடியிருப்பு, பெரும்பாலும் அல்ஜீரியக் குடும்பங்கள் இருந்தது. 1978லிருந்து அதை இடித்துத் தள்ளி ஆட்களை எங்கெங்கோ பிரித்து அனுப்பிவிட்டார்கள். அப்போது மேயர் ஷார்ல் எர்னு. பிற்பாடு ராணுவ அமைச்சராகி, நியூஸிலாந்துத் துறைமுகத்தில் கிரீன்பீஸ் கப்பலை மூழ்கடித்த விவகாரத்தில் 1985ல் ராஜினாமா செய்தாரே, அவர்தான். என் லேபில் இருந்த டெக்னீஷியன் அந்தக் குடியிருப்பில் வளர்ந்தவர். கிராத்-சியெல் பற்றி நான் ஆஹா ஓஹோ என்று பேசினால் அவர் சொல்லுவார்: “உங்களுக்கு அது. எங்கள் வீட்டைப் பார்க்க நீங்கள் எங்கே போவீர்கள்?” அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

1994ல் அப்பா போய்விட்டார். தந்தி கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. திரும்பிப் போகும்போது தறியிலிருந்து கழற்றிய ஜக்கார்டு அட்டை ஒரு பத்தை எடுத்துப்போய் மதாமிடம் கொடுத்தேன். பாடம் முடித்து 1995ல் நான் கிளம்புகிற வரைக்கும் அது அவர் வீட்டு ஹாலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

2022ல் மறுபடி போயிருந்தேன். அந்த வருஷம் பிரான்சின் பண்பாட்டுத் தலைநகர் என்று ஒரு பட்டம் புதிதாக ஆரம்பித்து, முதன்முதலில் வில்லர்பானுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஊரெல்லாம் கொடி. வளாகத்துக்குள் டிராம் ஓடுகிறது. கிராத்-சியெலுக்கு வடக்கே அதே பாணியில் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மதாம் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. கீழே மணிப்பலகையில் வேறு பெயர் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தி என்ன சொல்வது? லிஃப்ட் மட்டும் அதே அகலம், மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சாப்பாடு தயார் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் படிக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் மதியம் என்னிடம் வந்து கேளுங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: குளிருக்குக் கோட்டு இங்கே வாங்கிச் சுமக்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். அரிசி பருப்பும் வேண்டாம், கிடைக்கும். வீட்டிலிருந்து தட்டுவடை கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். யார் செய்தது, எந்த ஊர் என்று கேட்பார்கள்.